கூப்பிட்டேன் என்று சொன்னவன்

மார்லா டகெட் எதையும் மறப்பவள் அல்ல. தன் கூடாரக் கயிற்றைக் கடித்துவிட்ட ஓர் அணிலை அந்தக் கோடை முழுவதும் வைதுகொண்டிருந்தாள். "அதே அணில்தான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்ட ஓவனுக்கும் அதில் பங்கு கிடைத்தது.

ஐடஹோ மலைக்காட்டில் நடைபாதைகளைச் செப்பனிடும் எங்கள் குழுவுக்கு அவள்தான் தலைவி. முப்பத்தைந்து வயதிருக்கும். குளிர்காலத்தில் கீழே ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். பனி உருகியதும் காட்டுக்குள் வந்துவிடுவாள். காப்பியை அடிமண்டியோடு குடிப்பாள். கையில் மரப்பிசின் வாடை போகவே போகாது. குழுவில் நாங்கள் நான்கு பேர்: அவள், வாயாடி ஓவன், பிரென்ட் கெசிக், நான்.

நான் புதியவன். எங்கள் வீட்டில் எல்லாரும் உருளைக்கிழங்கு தரம் பிரிக்கும் கொட்டகையில் நிற்பவர்கள். கல்லூரி முடித்த முதல் ஆள் நான்தான். "படிச்சு முடிச்சும் மண்ணுலதான் கிடக்கப் போறியா, எலீசியோ?" என்று அம்மா கேட்டாள். பதிலைத் தேடித்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிளம்பினேன். ஓவன் முதல் நாளே எனக்குக் 'காலேஜு' என்று பெயர் வைத்துவிட்டான்.

அந்தக் காட்டில் இயந்திர ரம்பத்துக்குத் தடை. பாதையில் விழுந்த மரத்தை, ஆளுக்கொரு முனை பிடித்து இழுக்கும் நீள ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். சரிவில் குறுக்காகக் கிடக்கும் மரம் என்றால் ஒருவர் மேல்பக்கம் நிற்பார், மற்றவர் கீழ்ப்பக்கம். அறுபட்ட துண்டு கீழ்நோக்கித்தான் உருளும். அதனால் நான்கு விரல் அளவு மிச்சம் இருக்கும்போதே மேலே நிற்பவர் "மேல வா" என்று கூப்பிட்டாக வேண்டும். கீழே நிற்பவர் தன் பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு ஏறி வந்துவிடுவார். மிச்சத்தை மேலே நிற்பவர் தனியாக அறுப்பார்.

மார்லா எப்போதும் பிரென்டைத்தான் கீழ்ப்பக்கம் நிறுத்தினாள். அவனுக்கு நாற்பது தாண்டியிருந்தது; எங்கள் எல்லாரையும்விட அனுபவம் உள்ளவன். மறுபேச்சில்லாமல் போய் நிற்பான். நான்கு விரல் மிச்சம் இருக்கையில் அவள் கூப்பிட மாட்டாள். மூன்று விரல். மரம் முனகத் தொடங்கும். பிரென்டின் கழுத்து நரம்பு புடைக்கும். அவன் கண் மரத்தின் மேல் இருக்காது, அவள் வாயின் மேல் இருக்கும். இன்னும் கொஞ்சம் அறுத்த பிறகு, சாப்பாட்டில் உப்பு கேட்பதுபோல, "மேல வா" என்பாள்.

ஒரு மாலை, கரடிக்கு எட்டாதபடி உணவுப் பைகளை மரத்தில் ஏற்றிக் கட்டும்போது ஓவனிடம் கேட்டேன். "அவ அவனை என்னதான் பண்றா?"

"சமைக்கிறா, காலேஜு. சின்னத் தீயில."

பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான். மூன்று கோடைகளுக்கு முன் பிரென்ட்தான் குழுத் தலைவன். மார்லாவின் தம்பி ரஸ்டி அவனுக்குக் கீழ்ப்பக்கம் நின்றான். மரம் உருண்டு ரஸ்டியின் வலது கால் போயிற்று. "நான் கூப்பிட்டேன், அவன்தான் வரல" என்றான் பிரென்ட். பக்கத்தில் வேறு ஆளில்லை. ரஸ்டிக்கோ அந்த நாளே நினைவில் இல்லை. ஊர் பிரென்டை நம்பியது. சொன்னதைக் கேட்காத பையன் என்ற பெயர் ரஸ்டிக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது அவன் ஊரில் வயர்லெஸ் அறையில் உட்கார்ந்து, மாலைதோறும் மலையில் இருக்கும் குழுக்களைக் கூப்பிட்டு நிலவரம் கேட்கிறான்.

"அன்னிக்குக் கூப்பிடலன்னு அவன் வாயால சொல்லணும். அதுக்குத்தான் கேட்டு வாங்கி இந்தக் குழுவுல போட்டுக்கிட்டா."

"இவன் ஏன் ஒத்துக்கிட்டான்?"

"மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்கல்ல?"

கல்லூரியில் மன்னிப்பைப் பற்றிக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனாலும் மறுநாள், பிரென்டின் கழுத்து நரம்பு புடைக்கும் நேரத்துக்காகக் காத்திருந்தேன். நான் எப்படிப்பட்டவன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டேதான் காத்திருந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில், எப்போதோ தீயில் கருகிய ஒரு சரிவில், என் மார்பளவு பருமனான மரம் குறுக்கே கிடந்தது. கீழே ஓடை வரைக்கும் செங்குத்து. வழக்கம்போல அவள் தாமதித்துத்தான் கூப்பிட்டாள்.

"மேல வா."

பிரென்ட் அசையவில்லை. "வரல."

"என்ன?"

"தினம் தினம் இதே கூத்து. வேணும்னா அறு. முடிச்சுக்க."

மரத்துக்குள் ஏதோ படீரென்று தெறித்தது. "கிறுக்கா பிடிச்சிருக்கு? ஏறி வாடா!" என்று ஓவன் கத்தினான்.

மார்லா எங்கள் பக்கம் திரும்பினாள். "நான் கூப்பிட்டேன். ரெண்டு பேரும் கேட்டீங்கல்ல?"

நான் தலையாட்டினேன்.

"நான் கூப்பிட்டேன், அவன்தான் வரல," என்றாள் நிதானமாக. "இதை நான் சத்தியம் பண்ணியே சொல்லலாம்." ரம்பத்தைத் தன் பக்கம் ஒரு இழுப்பு இழுத்தாள். மரத்தூள் கொட்டியது.

அதுவரை சாகத் துணிந்தவன்போல நின்றவனுக்குத் தன் பழைய சொற்களைக் கேட்டதும் முகம் வெளிறிவிட்டது.

"கூப்பிடல," என்றான்.

"சத்தமா."

"நான் கூப்பிடல! மழை வருதுன்னு அறுத்துக்கிட்டே இருந்தேன். அவன் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னான். நான் கூப்பிடவே இல்ல!"

"மேல வா."

கைப்பிடியைக் கழற்றிவிட்டு, கையும் காலுமாகத் தவழ்ந்து ஏறி வந்தான். மார்லா மிச்சத்தை அறுத்தாள். கருகிய மரங்களை முறித்துக்கொண்டு துண்டு ஓடையில் போய் விழுந்தது.

அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். மாலை முகாமில், ரஸ்டி கூப்பிடும் நேரத்தில், அவள் வயர்லெஸ்ஸைக் கொண்டுவந்து பிரென்டின் கையில் வைத்தாள்.

"மார்லா, மலையில இருக்கிற எல்லாக் குழுவும் கேக்கும்."

"அன்னிக்கு நீ எல்லார்கிட்டயும்தானே சொன்ன?"

"டகெட் குழு, என்ன நிலவரம்?" என்றது ரஸ்டியின் குரல்.

பிரென்ட் பொத்தானை அழுத்திச் சொன்னான். இரண்டே வாக்கியம்தான்.

"இரைச்சலா இருக்கு," என்றான் ரஸ்டி. "திரும்பச் சொல்லு."

காற்றே இல்லாத மாலை. சத்தம் கணீரென்றுதான் போய்வந்தது. பிரென்ட் திரும்பச் சொன்னான்.

"இன்னும் விளங்கல. உன் பேரைச் சொல்லி, மெதுவாச் சொல்லு."

பிரென்ட் நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். இரைச்சல் இல்லை என்று ஓவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மார்லா குனிந்து ஒலியை முழுக்கக் கூட்டி வைத்தாள்.