கோயில் செயலாளர் நடத்திய குழு

எண்பதுகளின் கடைசி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில், சனிக்கிழமைதோறும், மனநல ஆலோசகர் பயிற்சிக்கு வந்தவர்களுக்குக் குழு நடத்தக் கற்றுக்கொடுத்தேன். ஒருவர் நடத்த, மற்றவர்கள் தங்கள் சொந்தக் கவலையைப் பேச வேண்டும். நாற்காலிகளை வட்டமாகப் போட வைப்பதே பெரும்பாடு. நம்மவர்கள் தலைவருக்கென்று ஒன்றைத் தனியே இழுத்துப் போட்டுவிடுவார்கள்.

கிள்ளானிலிருந்து வந்த ஒருவர் என் பொறுமையைச் சோதித்தார். பதினைந்து வருடமாகக் கோயில் கமிட்டிச் செயலாளர். முதல் வாரம் குழுவை அவரிடம் கொடுத்ததும் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, "மொத அஜெண்டா யாருது?" என்று ஆரம்பித்தார். ஒரு பெண் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லி அழுதபோது, "இவங்க தனிக்குடித்தனம் போகலாமா? சரின்னு நெனக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். நாலு பேர் தூக்கவும் செய்தார்கள்!

"அண்ணே, இது கமிட்டி இல்ல. மொதல்ல அந்த நோட்ட மூடுங்க" என்று சீறினேன்.

"சரிங்க டீச்சர்" என்று அசடு வழிந்தார்.

அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் இவர் தேற மாட்டார் என்று மனத்துக்குள் முடிவு கட்டிவிட்டேன். கடைசித் தேர்வன்று மதிப்பெண் தாளில் 'தேர்ச்சி இல்லை' என்று முன்கூட்டியே எழுதியும் வைத்திருந்தேன்.

அன்று அவர் குழுவை நடத்தினார். ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் இளம்பெண் வழக்கம்போல, "நான் ஓகே லா, அடுத்தவங்கள கேளுங்க" என்றாள். பக்கத்தில் இருந்தவர் வாயைத் திறந்தார்.

"கொஞ்சம் இருங்க" என்று அவரை நிறுத்திவிட்டு, செயலாளர் அவள் பக்கம் திரும்பினார். "மொத வாரம், தம்பி வீட்ட விட்டுப் போயிட்டான்னு சொன்னீங்க தங்கச்சி. நான் கேக்காம அடுத்த அஜெண்டாவுக்குப் போயிட்டேன். என் தப்புதான். தம்பி வந்துட்டானா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். பிறகு அழுதாள். அவர் காத்திருந்தார். கீழே ஒரு ரயில் போனது. யாரும் கை தூக்கவில்லை.

அந்த முதல் வாரம் நானும் அதே அறையில்தான் இருந்தேன். தம்பியைப் பற்றி அவள் சொன்னது எனக்கு நினைவே இல்லை. வெட்கமாக இருந்தது. எழுதியதை அடித்துத் திருத்தினேன்.

எல்லோரும் போன பிறகு, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "டீச்சர், நான் பாஸா?"

"ஏகமனதா நிறைவேறிடுச்சு, அண்ணே" என்றேன்.