வருமா என்ற கேள்வி

இந்தத் தீவின் சாத்தம் மரமில்லில் ரம்பம் கீச்சிடத் தொடங்கினால் நான் இன்றும் ஜன்னலைச் சாத்திவிடுவேன். நிவாரண அலுவலகத்தில் பெயர்ப் பட்டியலை அச்சடித்துத் தள்ளிய பிரிண்டருக்கும் அதே குரல்தான்.

தீவுக்கு வந்த புதிதில் என் அதிகாரி இந்தியில், "சி ஆதா ஹை?" என்றார். என் ஆத்தாவை விசாரிக்கிறார் என்று நினைத்து, ஊரில் சுகமாக இருப்பதாகச் சொன்னேன். கம்ப்யூட்டர் மொழியான 'சி' எனக்கு வருமா என்று கேட்டிருக்கிறார். வரும் என்றேன். தமிழிலும் அப்படித்தானே கேட்கிறோம், இந்தி வருமா, இங்கிலீஷ் வருமா என்று. வந்த மொழி நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று யாரும் கேட்பதில்லை.

சுனாமிக்குப் பின் தெற்கே கச்சால் தீவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியவர்களின் பட்டியலுக்கு நான்தான் புரோகிராம் எழுதினேன். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் ஒன்றை நீக்கு. நாலைந்து வரிதான். பிழையில்லாமல் ஓடியது.

நாலாம் நாள் லெட்சுமி வந்தாள். சிலோன் தேயிலை மலையில் பிறந்து, கச்சாலில் ரப்பர் பால் வெட்டியவள். பட்டியலில் எம். ராமையா என்று கண்டு, அதில் போட்டிருந்த முகாமுக்கு ஓடியிருக்கிறாள்.

"பேரு எங்க வூட்டுக்காரர் பேருதான் ஐயா. ஆளு வேற."

இரண்டு முறை வந்த பெயர் என்று இன்னொரு ராமையாவை என் புரோகிராம் நீக்கியிருக்கலாம். ஒரே தோட்டத்தில், ஒரே முன்னெழுத்தில், ஒரே சாமி பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள் என்பது தமிழனான எனக்குத் தெரியும். மொழிக்கு நான் சொல்லவில்லை. சொல்லாததை அது கேட்காது. அதற்குப் பயமும் கிடையாது. அதற்கும் சேர்த்து நான் பயந்திருக்க வேண்டும். ஒரு புரோகிராம் மொழி தெரியும் என்பதற்கு அன்றிலிருந்து எனக்கு வேறு அர்த்தமில்லை.

கையால் எழுதிய தாள்களைப் புரட்டினோம். இன்னொரு எம். ராமையா. கடலுக்கு அக்கரையில், பேம்பூ பிளாட் பள்ளிக்கூட முகாம். வயது எழுத வேண்டிய இடம் காலி.

"அவருதானே ஐயா?"

"பேரு இருக்கும்மா."

"பேரு அங்கயுந்தான் இருந்திச்சி."

சாத்தம் ஜெட்டிவரை கூடப் போனேன். சிலோனில் அவள் இந்தியாக்காரி, இங்கே சிலோன்காரி. நான் எத்தனை வருடமானாலும் இவர்களுக்கு மெயின்லேண்ட்காரன். எங்கள் முன்னால் படகு கயிற்றை இழுத்து ஆடிக்கொண்டிருந்தது. ஏறும்போது திரும்பினாள்.

"வாரேன் ஐயா. அங்கன இருக்கது அவரு இல்லன்னாலும், அந்தப் பேர அழிச்சிராதீங்க."