பெட்ரோல் தீர்ந்துவிடும் என்றவர்கள்

என்னைப் போன்ற பஸ் முதலாளி பாதி நேரம் ரோட்டைப் பார்ப்பான், மீதி நேரம் பெட்ரோல் டாங்கியைப் பார்ப்பான். உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கூப்பனுக்கு அலைந்து, மேட்டில் ஏறாத பஸ்ஸை இறங்கித் தள்ளிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பழைய இரும்பு

சேலத்திலிருந்து ஒரு தரகர் வந்தார். பெட்ரோல் தட்டுப்பாட்டுக்குச் சண்டை காரணமில்லையாம். பூமிக்குள் எண்ணெயே வற்றிவிட்டதாம். அதனால் பஸ்ஸை இப்போதே தன்னிடம் தள்ளிவிட வேண்டுமாம். மாட்டுவண்டியில் மூட்டை அடித்துச் சம்பாதித்த ஒரே பஸ். அது போனால் எனக்கு மறுபடியும் மாடுதான். எண்ணெய் இல்லாத உலகத்தில் உமக்கு மட்டும் பஸ் எதற்கு என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். மனுஷன் அசையவில்லை.

“ஏனுங்க, நான் பஸ்ஸுன்னா கேட்டேன்? பழைய இரும்புன்னுதானுங்க கேக்கறேன்.”

மாப்பிள்ளையின் கிணறு

அவரைத் துரத்திவிட்டேன், ஆனால் அவர் சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. சொன்னவனுக்கு ஆசை இருப்பதாலேயே பேச்சு பொய்யாகிவிடுமா? நாமக்கல் போகும்போது முன் சீட்டில் இருந்த இரண்டு குடியானவர்களிடம் விஷயத்தைப் போட்டேன். மச்சானும் மாப்பிள்ளையும். இளையவர் பேப்பர் படிக்கிறவர். வருஷா வருஷம் எங்கேயோ புது எண்ணெய்க் கிணறு தோண்டுகிறார்கள், ஆகவே தீரவே தீராது என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மூத்தவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டார்.

“நீயுந்தான் வருசா வருசம் கெணத்த ஆழமா வெட்டறே. தண்ணி பெருகிப்போச்சா மாப்பளே?”

கரிக்காரர்

எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்த்தேன். எண்ணெய் என்றோ ஒருநாள் தீரலாம். ஆனால் இந்தத் தட்டுப்பாடு சண்டையால் வந்தது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தரகர் என் தலையில் ஏற்றப் பார்த்திருக்கிறார். பஸ்ஸை விற்கவில்லை. பின்னால் கரியடுப்பை மாட்டி, அதில் வரும் வாயுவில் ஓட்டினேன்.

அதற்குக் கரி சுட்டுக் கொண்டுவந்து போட்டவர் சேந்தமங்கலத்து மலையடிவாரத்துக்காரர். விலையைக் குறைக்க மாட்டேன் என்றார். சண்டை முடிந்தால் பெட்ரோல் ஆறாக ஓடும், உம் கரியை நாய்கூட மோந்து பார்க்காது, இப்போதே குறைத்துக் கொடும் என்று மிரட்டினேன். பயப்படுவார் என்று பார்த்தால், முகம் மலர்ந்துவிட்டது.

“ஓடட்டுங்க சாமி. முன்னெல்லாம் ஊட்டு வாசலத் தாண்டுனா மரம். இப்ப கரிக்கு மரந்தேடி அரை நாள் நடக்கறனுங்க. மிச்சம் இருக்கறதாச்சும் நிக்கட்டும்.”

எண்ணெய் எப்போது தீரும் என்று எனக்கு இன்றும் தெரியாது; ஆனால் தீரும் என்றோ தீராது என்றோ எவன் அடித்துப் பேசினாலும், அவன் நானாகவே இருந்தாலும், எதை மலிவாக வாங்கப் பார்க்கிறான் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.