தெரியாதுங்க, கேட்டுச் சொல்றேன்

தபால் ஆபீசில் உட்கார்ந்திருப்பவனுக்கு மரணச் செய்தி புதிதல்ல. யாருடைய தாயாரோ, யாருடைய தம்பியோ, என் கை வழியாகத்தான் தந்தியாகப் போவார்கள். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கோட்டைப்பட்டினம் காதர் மரைக்காயர் வந்து, யாழ்ப்பாணம் செல்லத்துரைக்கு ஒரு தந்தி என்று தாளை நீட்டினார். ‘வைத்தியலிங்கம் காலமானார்’ என்று எழுதியிருந்தது. எந்த வைத்தியலிங்கம் என்று முட்டாள்தனமாகக் கேட்டேன்.

“நம்ம புழுக்காரருதாங்க,” என்றார் மரைக்காயர். “தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில. காலையில அவரு மகன் ஆள் அனுப்பிச்சாரு.”

வைத்தியலிங்கத்தை அறிந்தவர்கள் இதைப் படிக்கும்போது முதலில் ஆச்சரியப்படுவது நான் ஆச்சரியப்பட்ட விஷயத்துக்காகத்தான் இருக்கும். மரைக்காயருக்கும் வைத்தியலிங்கத்துக்கும் இருந்த மனஸ்தாபம் ஊரறிந்தது. அந்த மனிதர் பஸ் ஏறி வந்து தந்தி கொடுக்கிறார்! அதைச் சொல்வதற்கு முன்னால் வைத்தியலிங்கம் எப்படிப்பட்ட பிராணி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

விவசாய இலாகாவில், குடியானவர்களுக்குப் பயிர்முறை செய்து காட்டுகிற டெமான்ஸ்ட்ரேட்டர் உத்தியோகம். வந்த புதிதில் அவர்மேல் எனக்குச் சந்தேகம்தான். அறந்தாங்கியில் ஒரு சாதாரண உத்தியோகஸ்தருக்கு ஆஸ்திரேலியாவிலிருந்தும் ரோமிலிருந்தும் எதற்காகக் கட்டுக் கட்டாகத் தபால் வருகிறது? ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் வெகு சந்தோஷமாக என் மேஜைமேலேயே கட்டைப் பிரித்துக் காட்டினார். அத்தனையும் புழு, பூச்சி, களை. ஒரு நாட்டில் புதிதாக ஒரு பூச்சி தலைகாட்டினால் மற்ற நாட்டுக்காரர்களுக்கு எழுதித் தெரிவிப்பார்களாம். இவரும் நம் பக்கத்துச் சமாசாரங்களை அவர்களுக்கு எழுதுவாராம். “இதுல என்னய்யா ருசி?” என்றேன். “ஒங்களுக்கு ஊர்க்கதை பிடிக்கும்ல? இது பூச்சிங்களோட ஊர்க்கதை,” என்றார். அதற்குப் பிறகு அவருடைய கட்டுகளைப் பிரிக்கும்போது நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன்.

குடியானவர்கள் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது ஒன்றுதான்: “தெரியாதுங்க, கேட்டுச் சொல்றேன்.” சர்க்கார் உத்தியோகஸ்தன் இப்படிப் பேசலாமா என்று நான் சண்டை பிடித்திருக்கிறேன். திருவரங்குளத்தில் ஒருவர், முன்பு தம் கொல்லையைச் சுற்றி இருந்த சப்பாத்திக் கள்ளியைப் பஞ்சு மாதிரி ஒரு பூச்சி தின்று தீர்த்ததைச் சொல்லி, கள்ளி தீர்ந்துபோனதால் அது அடுத்து என் கடலையைத் தின்னுமா என்று கேட்டார். அருமையான கேள்வி என்று வைத்தியலிங்கத்துக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. ஆஸ்திரேலியாவுக்கு எழுதினார். கடல் தாண்டிப் பதில் வர மாதக்கணக்கானது. கள்ளி கிடைக்காவிட்டால் அந்தப் பூச்சி பட்டினியில் சாகுமே தவிர வேறு பயிரைத் தொடாது என்று எழுதியிருந்தார்கள். அதைச் சொல்ல இவர் பஸ் ஏறித் திருவரங்குளம் போனார். கேட்டவருக்குக் கேள்வியே மறந்துபோயிருந்தது. “பரவாயில்லை, எனக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல,” என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

யாழ்ப்பாணத்துச் செல்லத்துரை அக்கரையில் இதே வேலை பார்த்தவர். இருவரும் ஒருவரையொருவர் கண்ணால் பார்த்ததே கிடையாது. கடிதத்திலேயே வளர்ந்த சிநேகம் அது.

மரைக்காயருடைய தென்னந்தோப்பில் கருந்தலைப் புழு விழுந்தது அந்தச் சமயத்தில்தான். இலைக்கு அடியில் நூலாம்படை மாதிரி கூடு கட்டி உட்கார்ந்து பச்சையைச் சுரண்டித் தின்கிற புழு. தூரத்திலிருந்து பார்த்தால் தோப்புக்கே யாரோ தீ வைத்தது போலிருக்கும். காய்ந்த மட்டைகளை வெட்டிக் கொளுத்தச் சொன்னார் வைத்தியலிங்கம். வெட்டியும் தீரவில்லை. அது மரைக்காயரின் பாட்டனார் வைத்த தோப்பு. அதை நம்பித்தான் குடும்பம் இருந்தது. இந்தப் புழுவைக் கொட்டிக் கொல்லுகிற பொடிக்குளவி ஒன்று இருப்பதாகச் செல்லத்துரை எழுதியிருந்ததை இவர் வாய்தவறி மரைக்காயரிடம் சொல்லிவிட்டார். மரைக்காயரின் தோணி சரக்கேற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போய் வரும். கேட்கவேண்டுமா?

அடுத்த நடையில் மரைக்காயரே போய், செல்லத்துரையைப் பிடித்து, ஒரு சீசாவோடு திரும்பினார். வாயில் மெல்லிய துணி கட்டிய சீசா. உள்ளே ஓலைத் துண்டுகள், புழுக்கள், சிறகு முளைத்த கட்டெறும்பு மாதிரி சில குளவிகள். வைத்தியலிங்கம் தபால் வாங்க என்னிடம் வந்திருந்ததால் மரைக்காயர் அதை என் மேஜைமேல்தான் வைத்தார். வைத்தியலிங்கம் பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார். தாய்க்குளவி புழுவின் மேல் முட்டையிட்டுவிட்டுக் குஞ்சுகள் வளரும்வரை பக்கத்திலேயே காவல் நிற்கும் என்று எனக்கும் காட்டினார். பார்த்தேன், நின்றுகொண்டுதான் இருந்தது. அப்படியொரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை. பிறகு கண்ணாடியை மடித்து வைத்துவிட்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார்.

அனுமதியில்லாமல் வெளிநாட்டிலிருந்து செடியோ பூச்சியோ கரையிறங்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் அவர் சட்டம் பேசவில்லை. “மரைக்காயர், இதுல நமக்குத் தெரிஞ்சது ஒண்ணு வந்திருக்கு. தெரியாதது என்னென்ன கூட வந்திருக்கோ, அதை யாரு பார்த்தா? சேதி வரட்டும். சீசா வர வேண்டாம்,” என்றார்.

“என் மரம் சாவுதுங்க,” என்றார் மரைக்காயர். அவ்வளவுதான் சொன்னார்.

கொல்லைப்புறத்தில் வைத்தியலிங்கம் சீசாவைக் கொளுத்தும்போது மரைக்காயர் அங்கே நிற்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மனுஷனா நீர் என்று கேட்டேன். “தீக்குச்சி பத்த மாட்டேங்குதுய்யா, திட்டறதை அப்புறமா வச்சுக்குங்க,” என்றார்.

அன்றே செல்லத்துரைக்கு எழுதினார். உங்கள் பரிசை எரித்துவிட்டேன், மன்னியுங்கள். அதற்குப் பதிலாக இந்தக் குளவியை எப்படித் தேடுவது என்று மட்டும் எழுதுங்கள் என்று. இதற்கு எவனும் பதில் போடமாட்டான் என்றேன். செல்லத்துரை போட்டார். அழகாகப் படம் வரைந்து, சாகிற மரத்தில் தேடாதே, தானாகவே தேறி வருகிற மரத்தில் தேடு என்று எழுதியிருந்தார்.

தேடினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போனேன், கோபம் போகாமலே. மரமேறுகிற ஆள் ஒருவர் ஓலை வெட்டிப் போடுவார். நாங்கள் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்ப்போம். மரைக்காயர் தோப்புக்கு இரண்டு தோப்பு தள்ளி, கவனிப்பாரற்றுக் கிடந்த மரங்களில் ஒருநாள் அகப்பட்டது. அதே குளவி, அதே காவல். நம் கரையிலேயே பிறந்து வளர்ந்து, யாரும் கேட்காததால் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது!

அந்த ஓலையோடு போய் நின்ற வைத்தியலிங்கத்தை மரைக்காயர் படலைத் திறந்து உள்ளே விடவில்லை. “இதையும் கொளுத்திருங்க,” என்றார். “இது ஒங்க ஊருப் பூச்சிங்க. அங்கிட்டு ரெண்டு தோப்பு தள்ளிதான் இருந்துச்சு,” என்றார் இவர். வெயிலில் வெகுநேரம் நின்ற பிறகு படல் திறந்தது. அடுத்த வருஷம் புதுக் குருத்துகள் பச்சையாகவே விரிந்தன. ஆனால் அதற்குள் கிணற்றடி வரிசை முழுக்கச் செத்துவிட்டது. அன்றைக்கே சீசாவைத் திறந்திருந்தால் அவை பிழைத்திருக்கும் என்பது மரைக்காயரின் கட்சி. “இருக்கலாங்க,” என்பார் வைத்தியலிங்கம். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சில்லை.

பிற்பாடு செல்லத்துரையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர் வளர்த்த குளவிகளுக்குள்ளேயே அவற்றைத் தின்று அழிக்கும் வேறொரு பொடிப் பூச்சி கலந்திருந்ததாம். அந்தச் சீசாவில் இருந்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். நான் துள்ளிக் குதித்தேன். இப்போதே போய் மரைக்காயரிடம் காட்டும் என்றேன். அவர் அசையவில்லை. “அந்தச் சீசாவுல இருந்துச்சான்னு எனக்குத் தெரியாதே. தெரியாததைச் சொல்லி அவரை ஜெயிக்கணுமா? செத்தது அவரு மரம்யா,” என்றார். பிறகு வேலை மாற்றலாகிப் போனார். பகையும் அப்படியே நின்றது.

தந்தித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இனி யாருக்குப் பயம் என்று, அந்தக் கடிதத்தின் விஷயத்தை நான் மரைக்காயரிடம் சொல்லிவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார்.

“தெரியும்ங்க. அந்த வருஷமே செல்லத்துரை ஏங்கிட்ட சொல்லிட்டாரு. இவரு வந்து, பார்த்தியாய்யா நான் செஞ்சது சரிதானேன்னு ஒரு வார்த்தை சொல்லுவாரு, நாமளும் சமாதானமாப் போயிரலாம்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். வரவே இல்லை. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு நானே போனேன். அப்பவும் என்ன சொன்னாருங்குறீங்க? கிணத்தடியில மறுபடி தென்னை வச்சீங்களான்னு கேட்டாரு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தந்தியை அனுப்ப இரண்டு முறை தட்டவேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலம் ஒரு அம்மாள், பினாங்கிலிருக்கும் மகனுக்குக் கடிதத்தை நீட்டி, பெருநாளைக்கு முன்னால் போய்ச் சேருமா என்று கேட்டாள். இத்தனை வருஷமாக எல்லோருக்கும் ‘சேர்ந்துவிடும்’ என்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

“தெரியாதும்மா, கப்பல் என்னைக்குன்னு கேட்டுச் சொல்றேன்,” என்றேன். வைத்தியலிங்கத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான்.