வாப்பாவின் பொடியன்

வாப்பாவும் உம்மாவும் சண்டை பிடிப்பதற்கென்றே ஒரு நிகழ்ச்சி இருந்தது. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி ஒன்றில், பத்துப் பதினைந்து பேரை ஒரு வீட்டுக்குள் விட்டுப் பூட்டி, மூலைக்கு மூலை கமரா வைத்து, நூறு நாளும் அவர்கள் தின்பதையும் தூங்குவதையும் அழுவதையும் காட்டுவார்கள். சனம் வாக்குப் போடாத ஆள் கிழமைக்கு ஒருவராக வெளியே போகவேண்டும். எனக்கு அந்தக் கண்றாவி பிடிக்காது. ஆனால் இஷா தொழுதுவிட்டு வந்து வாப்பா கதிரையில் அமர்ந்தால், சாகாமத்து வயலுக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்டாலும் அவர் காதில் விழாது.

அந்த டிவி வீட்டில் ஒரு பொடியன், வாயில்லாப் பூச்சி. மற்றவர்கள் சண்டை பிடிக்க, அவன் கோப்பை கழுவிக்கொண்டிருப்பான். வாப்பாவுக்கு அவன்தான் உயிர்.

"பாரன், இவன்தான் வெல்லுவான்."

"கதைக்கத் தெரியாதவனுக்கு ஆரு வாக்குப் போடுற? இந்தக் கிழமையே போயிடுவான்," என்பார் உம்மா.

நாங்கள் இருந்தது எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. அவர்கள் இருவரும் என்னோடுதான் இருந்தார்கள். முன்னறையில் அந்தச் சண்டை கேட்கும்போதெல்லாம், இந்த வயதில் இதுகளுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைப்பேன்.

நிகழ்ச்சி தொடங்கி மூன்றாம் கிழமை, அசர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்கப் போன வாப்பா கிணற்றடியில் விழுந்து மௌத்தாகிவிட்டார். புருஷன் இறந்த பெண்கள் இருக்கவேண்டிய இத்தாவில் அன்றே உம்மா அமர்ந்தார். நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுப்பு, உள்ளறை, அந்நிய ஆண் முகம் பார்க்காத இருப்பு. பார்க்க வந்த பெண்கள் ஆறுதல் சொன்னதைவிடக் கண்காணித்ததே கூட. தலையில் எண்ணெய் இருக்கிறதா, அழுகிறாரா, ஜன்னல் சாத்தியிருக்கிறதா. அந்தக் கமராக்களுக்கு இவர்கள் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை.

பத்தாம் நாளோ என்னவோ, நிந்தவூரிலிருந்து வந்த வாப்பாவின் தங்கை பக்கத்தில் இருக்கும்போதே உம்மா என்னிடம் கேட்டார்:

"மகள், அந்தப் பொடியன் இன்னும் இரிக்கானா?"

"ஆரு பொடியன்?" என்றார் மாமி.

எனக்கு முகம் செத்துப்போயிற்று. மெல்லுகிற வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. மாமி போனதும் டிவியைக் கழற்றி என் நாத்தனார் மச்சி வீட்டுக்கு அனுப்பினேன். டிவியில் வருகிறவனும் அந்நிய ஆண்தானே என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். மார்க்கம் அப்படிச் சொல்கிறதா என்று யாரையும் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

மறுநாள் கஞ்சி கொண்டுபோனேன். வாசல் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி உம்மா மறுபடியும் அதையே கேட்டார். வாப்பாவை அடக்கிய கபுறு மண் காயவில்லை, அதற்குள் டிவிப் பொடியனின் கவலையா என்று எனக்குக் கோபம் வந்தது.

"அவன் போயிட்டான் உம்மா. போன கிழமையே அனுப்பிட்டாங்க."

எனக்கு ஒன்றும் தெரியாது. கேள்வி நின்றால் போதும் என்றிருந்தது.

"போயிட்டானா?" என்று மட்டும் கேட்டார். கஞ்சியில் பாதியை வைத்துவிட்டார்.

அதன் பிறகு உம்மா எதையுமே கேட்கவில்லை. "என்ன பொறுமை, மாஷா அல்லாஹ்," என்றார்கள் வந்தவர்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். தொழுது முடித்தும் முசல்லாப் பாயைவிட்டு எழும்பாமல் அவர் வாயசைத்துக்கொண்டிருப்பதைக் கதவிடுக்கால் பார்த்திருக்கிறேன். ஓதுகிறார் என்று நினைத்தேன்.

இத்தா முடிந்து உம்மா குளித்து வெளியே வந்த அன்று, மச்சி டிவியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வாசலிலேயே தொடங்கிவிட்டாள்.

"மச்சி, உங்கட வாப்பாட பொடியன்தான் வெண்டான், தெரியுமா? பரிசு வாங்கக்குள்ள அழுதுபோட்டான்."

உம்மா என்னைப் பார்த்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஏன் மகள் அப்பிடிச் சொன்ன நீ?" என்றார். "ஒவ்வொரு தொழுகைக்குப் புறகும் நான் உன்ட வாப்பாவோட கதைக்கிறனான். 'நீங்க தோத்துட்டீங்க' எண்டு அவருக்கிட்டச் சொல்லிப்போட்டனே."