மூச்சின் பின்னால் வரும் மெசின்

கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் புற்றுநோயாளரை வான் வண்டியில் ஏற்றிப்போகிறவனுக்கு வாகனம் ஓட்டத் தெரிந்தால் போதாது; சிங்களமும் தெரியவேண்டும், அழுகிறவரைப் பார்க்காத மாதிரி இருக்கவும் தெரியவேண்டும். சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் கொழும்புப் பாதை திறந்திருந்தபோது நான் பார்த்த வேலை அது. நோயாளியோடு ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அசையக்கூடாது

ஸ்கந்தபுரத்துத் தவராசா அண்ணைக்கு நெஞ்சில் கட்டி. வயல் செய்கிறவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கதிர்ச் சிகிச்சையை எங்கள் பக்கத்தில் கரண்ட் பிடிக்கிறது என்றுதான் சொல்வார்கள். முதல் நாள் தாதி சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: மெசின் ஓடும்போது விரலும் அசையக்கூடாது, பெரிய மூச்சும் எடுக்கக்கூடாது.

வெளியே அவருடைய மனைவி புஷ்பமக்கா சேலைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு நின்றா. திரும்பி வந்தவர் சேர்ட்டைப் பூட்டிக்கொண்டே எங்கள் இருவருக்கும் சொன்னார்:

"செல்லடிக்குப் பங்கருக்குள்ள அசையாமக் கிடந்து பழகின எனக்கு இதென்ன பெரிய வேலையே?"

கோடு

கதிர் எங்கே படவேண்டும் என்று நெஞ்சில் மையால் கோடு கீறிவிடுவார்கள். சிகிச்சை முடியும்வரை அது அழியக்கூடாது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த மனிசன் பயிரைக் கண்டதும் பொறுக்கமாட்டாமல் வயலுக்குள் இறங்கிவிட்டார். வியர்வையில் கோடு பாதி போய்விட்டது. புஷ்பமக்கா பயந்துபோய், நீலப் பேனையால் அதை நிரப்பிக் கூட்டிவந்துவிட்டா.

தாதி ஏசினா. எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்கவேண்டி வந்தது. ஏச்சில் பாதியை நான் தமிழாக்காமல் விழுங்கினேன். அக்காவுக்குத் தாதியின் முகத்திலேயே விளங்கியிருக்கவேண்டும்.

"நேராத்தானே தம்பி கீறினனான். வரம்பு கட்டுற எனக்குக் கோடு கீறத் தெரியாதே?"

மகள் சொன்ன மெசின்

அடுத்த வருடம் கட்டி திரும்ப வந்தது. ஜெர்மனியில் இருந்த மகள் தொலைபேசியில் ஒரு புது மெசினைப் பற்றிச் சொன்னாள். கத்தி வைக்கிறதில்லை. ரோபோக் கையொன்று ஆளைச் சுற்றிவந்து, பல பக்கத்தாலும் கட்டிக்கு மட்டும் கதிர் பாய்ச்சுமாம். அப்பாவை எப்படியும் அங்கே கூப்பிடுகிறேன் என்றாள். முயன்று பார்க்கலாம் என்று டொக்டரும் சொன்னார்.

அண்ணை என்னிடம் விபரம் கேட்டார். டொக்டரிடம் கேட்டறிந்து சொன்னேன்: மூச்சு விட நெஞ்சு ஏறும், இறங்கும், அந்தக் கையும் பார்த்துப் பார்த்துக் கூடவே போகும். ஆள் ஆடினாலும் அது பின்னால் வரும். வேண்டியதைவிட அழகாகச் சொல்லிவிட்டேனோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். வான் மாங்குளம் தாண்டும்போது மெல்லக் கேட்டார்:

"அப்ப, மூச்சு விடலாமோ?"

தறப்பாளின் கீழ்

விசா அலுவலுக்காக அவர் கொழும்புக்குப் போகவிருந்த நேரத்தில் சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. என் வேலையும் அதோடு சரி. இன்றைக்குத் திறக்கும், நாளைக்குத் திறக்கும் என்று இருந்தோம். பிறகு சண்டை ஊருக்குள் வந்தது; செல் குண்டுகள் விழத்தொடங்கின. ஸ்கந்தபுரமும் கிளம்பியது, நாங்களும் கிளம்பினோம்.

கடைசியாக அவரைக் கண்டது விசுவமடுப் பக்கம், தறப்பாள் விரிப்பைக் கூரையாகக் கட்டிய கொட்டிலொன்றில். நெஞ்சு எலும்பாய்க் கிடந்தது. புஷ்பமக்கா மட்டையொன்றால் விசிறிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டு அண்ணை எழும்பப் பார்த்தார். பழக்கதோசத்தில், அசையாமல் கிடவுங்கோ அண்ணை என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சுப் போதவில்லை. மெல்ல மெல்லச் சொன்னார்:

"ஆடினாலும் பின்னால வருமெண்டு சொன்னனீர் தம்பி. நாங்கள் எத்தினை இடம் மாறிப்போட்டம், செல் மட்டும்தான் பின்னால வருது."

அடுத்த இடப்பெயர்வுக்கு அவர் வரவில்லை. அந்தக் கொட்டிலுக்குப் பின்னாலேயே அவரைப் புதைத்துவிட்டு வந்ததாகப் புஷ்பமக்கா பிறகு செட்டிகுளத்து அகதி முகாமில் வைத்துச் சொன்னா.

மூச்சோடு கூடப்போகிற மெசினைச் செய்தவர்களில் ஒரு குறையும் இல்லை; அது வருவதற்கும் மனிசன் ஓரிடத்தில் படுத்திருக்கவேண்டும் என்பதுதான் எங்களுக்கு ஒத்துவரவில்லை.