எட்டாம் நம்பர் பூட்ஸ்

நெல் அவிக்கிற மில்லில் பாய்லர் பார்த்தேன். மன்னார்குடிப் பக்கம். பதினாறு வருடம். உமியைத் தள்ளி எரிக்க வேண்டும். தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சாம்பலை நீளக் கம்பியால் வெளியே இழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வெறுங்காலோடுதான் நிற்போம். காலையில் கற்பூரம் காட்டித்தான் அடுப்பு வாயைத் திறப்பது. அடுப்புக்கு முன்னால் செருப்போடு நிற்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அதோடு, ரப்பர் செருப்பு அந்தச் சூட்டில் உருகிவிடும்.

ஒரு நாள் சாம்பல் இழுக்கும்போது வலது காலில் ஒரு கங்கு விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. மூட்டை தூக்குகிறவன் கத்தினான்.

“அண்ணே, கால்ல! கால்லண்ணே!”

குனிந்து பார்த்து உதறினேன். தோல் வெந்து போயிருந்தது. கருகல் வாசம் கொஞ்ச நேரமாகவே வந்துகொண்டிருந்தது. உமி என்று நினைத்திருந்தேன்.

“என்னண்ணே, தீமிதிக்கு இப்பவே ஒத்திகையா?”

“பழகிப் போச்சுடா.”

“பாத்துக்குங்கப்பா, அண்ணனுக்கு இரும்புக் காலு. எடைக்குப் போட்டா நல்ல வெல வரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆனது. மருந்து போடப் போன இடத்தில்தான் சர்க்கரை என்று சொன்னார்கள். ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்றார்கள். நர்ஸம்மா மெல்லிசாக ஒரு நைலான் இழை வைத்திருந்தார். தூண்டில் நரம்பு மாதிரி இருந்தது.

“கண்ண மூடிக்குங்க. இதால கால்ல தொடுவேன். தொட்டதும் ‘ம்’னு சொல்லணும்.”

மூடிக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்து ‘ம்’ என்றேன். இன்னும் கொஞ்சம் பொறுத்து ‘ம்’ என்றேன். மூன்றாவது தரமும் சொன்னேன்.

“ஐயா, நான் இன்னும் தொடவே இல்லைங்க.”

கண்ணைத் திறந்தேன். என் மனைவி சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வயலில் இறங்கக் கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், விரல் இடுக்கெல்லாம் பார்க்க வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பினார். மில் ஓடாத நாளில் போகிற வயல் வேலை அன்றோடு போனது. மிச்சம் பாய்லர்தான். கால் மரத்துப்போனவனை யாரும் அடுப்படியில் நிறுத்த மாட்டார்கள். மில்லில் தெரிந்தால் அதுவும் போய்விடும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அவளுக்கு வேலை நடவுக்கும் அறுப்புக்கும் மட்டும்தான்.

“சொல்லாதீங்க,” என்றாள் பஸ்ஸில்.

“சொல்லலை,” என்றேன்.

அடுத்த தை மாதம் பாய்லரைச் சோதிக்கிற அதிகாரி வந்தார். அடுப்புக்கு முன் நிற்கிறவன் கெட்டித் தோல் பூட்ஸ் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். உயரமானது. கயிறு கட்டாதது. முன்னால் இரும்பு வைத்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“தஞ்சாவூர் போயி நீயே எடுத்துக்கய்யா. நான் எடுத்தா அளவு சரியா வராது. உன் காலு, உனக்குத்தான் தெரியும்.”

“சரிங்க.”

எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பூட்ஸ் போட்டுவிட்டால் கங்கு விழுந்தாலும் யாருக்கும் தெரியாது.

மறுநாள் முதல் பஸ்ஸில் நானும் அவளும் போனோம். கீழவாசல் பக்கம் ஒரு பாய் கடை. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் வாங்குகிற கடை. ஹெல்மெட், கையுறை, மினுங்குகிற மஞ்சள் சட்டை எல்லாம் தொங்கியது. பாய் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிவிட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“வாங்கண்ணே. எந்த நாட்டுக்கு?”

“நாட்டுக்கு இல்ல பாய். மன்னார்குடிக்கு.”

சிரித்தார். அவரும் பல வருடம் குவைத்தில் பிளான்ட்டில் வேலை பார்த்தவராம். அடுப்பு வேலைக்குப் பூட்ஸ் வேண்டும் என்றேன்.

“காலங்காத்தால வந்துட்டீங்களே. இந்த மாதிரியெல்லாம் சாயந்திரம் வாங்கணும்ணே. பொழுதன்னைக்கும் நின்னா காலு ஊதும். அந்தக் காலுக்குத்தான் எடுக்கணும்.”

“சாயந்திரம் எனக்கு வேலை இருக்கு பாய்.”

முதலில் ரப்பரில் ஒன்று காட்டினார். லேசாக இருந்தது. “இது சேத்துக்கு. நெருப்புக்கு ஆகாது,” என்று அவரே உள்ளே வைத்துவிட்டார். அடுத்தது கயிறு கட்டுவது. கயிற்று மடிப்பில் கங்கு தங்கிவிடும், வேண்டாம் என்றேன். மூன்றாவதாக ஒரு பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்தார். கறுப்பு. முழங்காலுக்கு நாலு விரல் கீழே வரைக்கும் உயரம். மேலே ஒரு வார், கணுக்காலில் ஒரு வார், இரண்டிலும் பக்கிள். தோலை நகத்தால் கீறிக் காட்டினார். கோடு விழவில்லை. ஒரு மரக்கால் நெல் கனம் இருக்கும்.

என் செருப்பு ஒன்பது. ஒன்பதையே போட்டேன்.

கால் உள்ளே போனது. எங்கே போனது என்று தெரியவில்லை. வெறும் சாக்குக்குள் விட்ட மாதிரி இருந்தது. எழுந்து நடந்தேன். சிமெண்ட்டில் டக் டக் என்று சத்தம் வந்தது. சத்தம் மட்டும்தான் வந்தது.

“எப்படியிருக்கு?”

“லூசா இருக்கு.”

“லூசாவா?”

பாய் கீழே உட்கார்ந்து பூட்ஸின் மூக்கை அழுத்திப் பார்த்தார். இரும்பு அமுங்கவில்லை.

“மத்ததுன்னா அமுக்கிப் பாத்து விரல் எங்க இருக்குன்னு நானே சொல்லிருவேன். இதுல முடியாதுண்ணே. உள்ள எப்படியிருக்குன்னு நீங்கதான் சொல்லணும்.”

“எட்டு குடுங்க.”

“ஒம்போதுதானே எப்பவும் போடுவீங்க?” என்றாள் அவள்.

“நீ சும்மா இரு.”

எட்டு சுலபமாக ஏறவில்லை. மேலே இருந்த தோல் காதுகளைப் பிடித்து இழுத்தேன். பாய் அடியில் கை கொடுத்துத் தள்ளினார். குதிகால் உள்ளே இறங்கியது. எழுந்து நின்றேன். பாதத்தைச் சுற்றி ஆழத்தில் ஒரு பிடிப்பு தெரிந்தது. யாரோ போர்வைக்கு மேலே பிடித்த மாதிரி. கால் இருக்கிறது என்று தெரிந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. கழற்ற மனசு வரவில்லை.

“கடிக்குதா?”

“இல்ல.”

“விரலு?”

“நல்லாருக்கு.”

“போகப் போக விட்டுக் குடுக்கும்னு எடுத்துராதீங்க. தோலு குடுக்கும். இரும்பு குடுக்காது.” என் முகத்தைப் பார்த்தார். “சக்கர கிக்கர இருக்காண்ணே? தப்பா நெனைக்காதீங்க. இருந்தா சொல்லிருங்க. இத நானே தர மாட்டேன்.”

“அதெல்லாம் இல்ல பாய்.”

அவள் பையின் வாயை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள். தான் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று பின்னால் அழுதாள். திறந்திருந்தால் கடையிலேயே திட்டியிருப்பேன்.

எட்டையே கட்டச் சொன்னேன்.

மில்லில் பெரிய வரவேற்பு. மூட்டை தூக்குகிறவன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான்.

“ஏட்டய்யா, எதுவா இருந்தாலும் ஸ்டேஷன்ல பேசிக்கலாங்கய்யா.”

“போடா, போய் மூட்டையப் பாரு.”

பூட்ஸோடு அடுப்பு முன் நிற்க முதல் நாள் கூச்சமாக இருந்தது. மன்னிச்சுக்கோ சாமி என்று மனசுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நின்றேன். வேலை நன்றாக ஓடியது. புது நெல் வந்து குவிந்த நேரம். பகல் முழுக்க நிற்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள்தான் கழற்றி விடுவாள். என் தொடையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் இழுப்பாள். வந்ததும் பின்பக்கமாகச் சாய்வாள். சிரிப்பாள். பிறகு செல்போன் லைட்டை அடித்து ஒவ்வொரு விரலாகப் பார்ப்பாள். எனக்குக் கண்ணும் மங்கல். அவ்வளவு தூரம் குனிந்தால் ஒன்றும் தெரியாது.

பங்குனியில் உளுந்து பறிப்பு வந்தது. விடியும் முன்னே போய்விடுவாள். நான் வரும்போது சுவரில் சாய்ந்தபடியே தூங்கிக்கொண்டிருப்பாள். எழுப்ப மனசு வராது. நானே வாசற்படியில் குதிகாலை மாட்டிக் கழற்றிவிடுவேன்.

“காலப் பாக்கலையே,” என்பாள் பாதித் தூக்கத்தில்.

“பாத்துட்டேன்.”

பார்க்கவில்லை. சாக்ஸ் ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்தேன். அடுப்படியில் எல்லாத் துணியும் ஈரம்தான். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படியே போயிற்று.

ஒரு நாள் அவளுக்குப் பறிப்பு இல்லை. வீட்டில் இருந்தாள். நான் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

“எலி கிலி செத்துக் கெடக்கா?”

கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அரிசி டிரம்மை நகர்த்திப் பார்த்தாள். விளக்குமாற்றை விட்டு அலமாரிக்குப் பின்னால் துழாவினாள். நானும் எழுந்து டிரம்மைப் பிடித்துக் கொடுத்தேன். பிறகு என் பக்கம் திரும்பினாள். சாக்ஸைப் பார்த்தாள். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

சாக்ஸை உருவினாள். வலது காலில் சுண்டு விரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். எட்டு நாள் கழித்துப் பாதி பாதத்தை எடுத்தார்கள்.

“இவ்வளவு ஆகியிருக்கு, வலிக்கவே இல்லையா?” என்றார் டாக்டர்.

“இல்லைங்க.”

“வலிச்சிருந்தா தப்பிச்சிருப்பீங்க.”

முதலாளி ஒரு தடவை வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். கட்டிலுக்கு அருகே நின்றுகொண்டே பேசினார்.

“ஏன்யா சொல்லலை?”

போர்வையை இழுத்துக் காலை மூடினேன்.

“சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேன். அதானே?”

“ஆமாங்க.”

தலையை ஆட்டினார். பாய்லருக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது என்றார். அவளிடம் ஏதாவது வேண்டுமென்றால் சொல்லச் சொன்னார். போய்விட்டார். அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வாக்கர் வைத்துக் கொல்லைக்குப் போய் வருகிறேன். சோறு வடித்து வைக்கிறேன். குறுவை நடவு நடக்கிறது. அவள் பாபநாசம் பக்கம் குழுவோடு வேனில் போகிறாள். ஒரு நாள் நின்றால் அந்த இடத்துக்கு வேறு ஆளை ஏற்றிக்கொள்வார்கள். மிச்சமிருக்கிற இடது காலைப் பார்ப்பதற்காக ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அதைத் தரையில் வைத்து, வெளிச்சம் விழுகிற மாதிரி திருப்பி, தினமும் பார்க்கிறேன்.

இன்றைக்குக் குதிகாலில் ஒரு வெடிப்பு இருக்கிறது. ஓரத்தில் சிவப்பு. துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். இருக்கிறது.

சாயந்திரம் வந்ததும் கேட்பாள். சொன்னால் நாளைக்கு நடவுக்குப் போக மாட்டாள், என்னை ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போவாள். நடவு இன்னும் நாலு நாளில் முடிந்துவிடும்.